வாழைப்பழத்து ஈயும் மரபணு ஆய்வும்

பெங்களூருவின் காக்ஸ் டவுன், 1947ஆம் ஆண்டு வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கீழ் இருந்த பழைய 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' எல்லைக்குள் அடங்கிய குடியிருப்புகளுள் ஒன்று. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இப்பகுதியின் பழக்கடைகளில், நன்கு கனிந்து தோல் கருக்கத் தொடங்கிய வாழைச் சீப்பின் மேல் எள்ளினும் சிறிய ஈக்கள் மொய்த்துக் கொண்டிருப்பதைக் காணலாம். கடைக்காரர் துணியால் விரட்டுவார். மறுகணமே அவை திரும்பி வந்துவிடும். அந்தி சாய்ந்து வீட்டிற்குள் நுழைந்தாலோ கொசுவின் ஆட்சி தொடங்கிவிடும்.

இவ்விரு பூச்சிகளுள் கொசுவிற்காக அரசு ஆண்டுதோறும் பெருந்தொகை செலவிடுகிறது. பழ ஈக்காகச் செலவிடப்படும் சிறு தொகையோ ஆராய்ச்சிக்கூடங்களுக்கு மட்டுமே செல்கிறது. "ஈயை ஆராய்வதற்கா மக்கள் வரிப்பணம்?" என்று கேட்போர் எல்லாக் காலத்திலும் உண்டு. பொருளாதாரம் பயின்று, கோப்புகளோடு காலம் கழித்துவரும் இக்கட்டுரையாளரும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவரே. ஆயினும் கொசுவின்மீது தெளிக்கும் மருந்து ஏன் பலனற்றுப் போகிறது என்ற வினாவிற்குரிய விடையின் ஒரு முக்கியப் பகுதி, இப்பழ ஈயிடமிருந்தே கிடைத்தது. அது எவ்வாறு என்பதை அறிய, மரபணு எங்ஙனம் தொழிற்படுகிறது என்பதை முதலில் காண்போம்.

மூல ஆவணமும் அதன் படியும்

உயிரினங்களின் உடல் உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் குரோமோசோம்கள் என்னும் இழைகள் உள்ளன. மனிதனுக்கு 23 இணைகள். பழ ஈக்கு 4 இணைகள் மட்டுமே. இவ்விழைகளின் சாரமான டி.என்.ஏ. என்னும் வேதிப்பொருள், நான்கே எழுத்துகளைக் கொண்டு எழுதப்பட்ட மிக நீண்ட வாசகம் போன்றது. அடினைன், தைமைன், குவானைன், சைட்டோசின் என்பன அந்நான்கு எழுத்துகள். இவ்வாசகத்தில் ஒரு குறிப்பிட்ட பொருளைச் செய்வதற்கான கட்டளை அடங்கிய பகுதியையே மரபணு என்கிறோம். பழ ஈயில் ஏறத்தாழ 14,000 மரபணுக்களும் மனிதனில் ஏறத்தாழ 20,000 மரபணுக்களும் புரதங்களைச் செய்வதற்கான கட்டளைகளைத் தாங்கி நிற்கின்றன. ஈயைக் காட்டிலும் நாம் அவ்வளவொன்றும் செல்வந்தர்கள் அல்லர்.

அலுவலக நடைமுறை அறிந்தவர்களுக்கு இதன் செயல்முறை எளிதில் விளங்கும். பதிவறையில் உள்ள மூல ஆவணம் வெளியே செல்வதில்லை. தேவைப்படும் பக்கத்திற்கு ஒரு படி எடுக்கப்பட்டு, அப்படியே களத்திற்கு அனுப்பப்படுகிறது. அதுபோல, டி.என்.ஏ. உட்கருவிலேயே தங்கிவிட, அதன் ஒரு பகுதிக்கு ஆர்.என்.ஏ. என்னும் படி எடுக்கப்பட்டு வெளியே செல்கிறது. அங்கே ரைபோசோம்கள் அப்படியை மூன்று மூன்று எழுத்துகளாகப் படித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துச் சொல்லுக்கும் ஓர் அமினோ அமிலத்தை வரிசையாகக் கோத்துப் புரதத்தை உருவாக்குகின்றன. நான்கு எழுத்துகளைக் கொண்டு 64 மூன்றெழுத்துச் சொற்கள் அமையும். அவற்றுள் 61 சொற்கள் 20 வகை அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. எஞ்சிய மூன்றும் 'இங்கே நிறுத்துக' என்னும் முற்றுப்புள்ளிகள். இந்த அகராதியைக் கண்டறிந்த பணிக்காக 1968ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா.

எல்லா உயிரணுக்களிலும் ஒரே ஆவணத் தொகுதியே இருக்கிறது. ஆயினும் நரம்பணு ஒரு வகைப் பக்கங்களையும் தசையணு வேறு வகைப் பக்கங்களையும் படி எடுக்கின்றன. உடலின் உறுப்புகள் வேறுபட்டிருப்பதற்கு இதுவே காரணம்.

பழுதைக் கொண்டு பணியை அறிதல்

மரபணுக்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன என்றால், எந்த மரபணு எப்பணியைச் செய்கிறது என்பதை அறிவது எப்படி? ஓர் அலுவலகத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்தர் செய்துவரும் வேலை எது என்பது, அவர் நீண்ட விடுப்பில் செல்லும்போதுதான் மற்றவர்களுக்குப் புலப்படும். மரபணு ஆய்வாளர்கள் கையாண்ட வழியும் இதுவே. ஒரு மரபணுவைப் பழுதாக்கி, உயிரினத்தில் எது நின்று போகிறது என்று பார்ப்பது அவர்கள் முறை.

இதற்குப் பழ ஈயைப் போன்ற வசதியான உயிர் வேறில்லை. சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் ஆகியவற்றைக் கலந்து காய்ச்சிய உணவு ஒரு சிறு புட்டியில் இருந்தால் போதும். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முட்டை பத்தே நாள்களில் முழு ஈயாகிறது. ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. யானையைக் கொண்டு நூறாண்டுகளிலும் முடியாத மரபுக் கணக்கை ஈயைக் கொண்டு ஒரு பருவத்தில் முடித்துவிடலாம். 1910ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன், செந்நிறக் கண்கள் கொண்ட ஈக்களிடையே வெண்ணிறக் கண் கொண்ட ஓர் ஆண் ஈயைக் கண்டார். அதன் சந்ததியைப் பின்தொடர்ந்து, அப்பண்பு பால் நிர்ணயம் செய்யும் குரோமோசோமோடு சேர்ந்தே செல்கிறது என்று நிறுவினார். மரபணுக்கள் குரோமோசோம்களின் மேல் அமைந்துள்ளன என்ற கொள்கைக்கு இது வலுவான சான்றாயிற்று. இயற்கையாக நேரும் திடீர்மாற்றத்திற்காகக் காத்திராமல், எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அதனைத் தோற்றுவிக்கலாம் என்று ஹெர்மன் முல்லர் 1927இல் காட்டினார். பின்னர் அதற்கு வேதிப்பொருள்களும் பயன்பட்டன.

தொடக்கத்தில் கண்ணின் நிறம், சிறகின் வடிவம் போன்ற புறத்தோற்றங்களே ஆராயப்பட்டன. நடத்தையையும் நரம்பின் தொழிலையும் இம்முறையால் ஆராய முடியும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சேமூர் பென்சர் துணிந்தது 1960களின் பிற்பகுதியில். அவரோடு இணைந்து பணியாற்றிய இந்தியர் ஒபைத் சித்திகி.

ஆலங்கட்டி மழையும் ஒரு விஞ்ஞானியும்

ஒபைத் சித்திகி 1932இல் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தில் பிறந்து அலிகாரில் பயின்றவர். தில்லியில் கோதுமைப் பயிரை ஆராய்ந்து வந்தபோது ஆலங்கட்டி மழை அவருடைய சோதனைப் பயிரை அழித்துவிட்டது. இயற்கையின் அச்சிறு குறும்பு அவரை நுண்ணுயிர் மரபியலின் பக்கம் திருப்பியது. கிளாஸ்கோவில் பான்டிகோர்வோவிடம் பூஞ்சைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் ஆலன் கேரனுடன் சேர்ந்து பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். மரபணு வாசகத்தின் நடுவே தவறான இடத்தில் விழுந்துவிடும் முற்றுப்புள்ளிகளைப் புரிந்துகொள்ள இவ்விருவரும் 1962இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் உதவிற்று.

அதே ஆண்டில், ஹோமி பாபாவின் அழைப்பின் பேரில், பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கினார். இயற்பியலுக்கும் கணிதத்திற்கும் பெயர் பெற்ற நிறுவனம் அது. நிறுவனத்தின் பெயர்ப் பலகையையோ வழக்கமான துறைப் பிரிவினையையோ பாராமல், ஆளைப் பார்த்துத் துறையை அமைத்த இம்முடிவு, நம்முடைய இன்றைய நியமன நடைமுறைகளின்படி எளிதில் நடந்திருக்குமா என்பது ஐயமே.

அவர் 1970களில் ஈக்களிடம் வந்தார். பம்பாயில் அவருடைய மாணவி வெரோனிகா ரோட்ரிகஸ், மணத்தை உணர இயலாத ஈக்களைத் தேடினார். இரு கிளைகளாகப் பிரியும் குழாயின் ஒரு கிளையில் மணம், மற்றொன்றில் வெறுங்காற்று. ஈ எப்பக்கம் செல்கிறது என்று எண்ணுவதே சோதனை. எத்தில் அசிட்டேட் என்னும், கனிந்த பழத்தில் எழும் மணத்தை உணராத ஈக்கள் கிடைத்தன. அவற்றுள் சில வேறு மணங்களை நன்றாகவே உணர்ந்தன. ஒவ்வொரு வகை மணத்தையும் உணரத் தனித்தனி வழிகள் உள்ளன என்பதற்கு இது தடயம். காக்ஸ் டவுன் பழக்கடைக்கு அந்த ஈக்களை அழைத்து வந்திருந்தால், கடைக்காரருக்குத் தொல்லை குறைந்திருக்கும். இவ்வாய்வின் முடிவுகள் 1978இல், சி.வி. இராமன் பெங்களூரில் தோற்றுவித்த இந்திய அறிவியல் அகாதெமியின் இதழிலேயே வெளியாயின. 1990களில் சித்திகி பெங்களூரில் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தை நிறுவினார். காக்ஸ் டவுனிலிருந்து வடக்கே, பெல்லாரி சாலையில் ஹெப்பாலைத் தாண்டினால் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் அதனைக் காணலாம். தம் இறுதிக்காலம் வரை அங்கேயே ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அவர் 2013இல் மறைந்தார்.

சூட்டில் விழும் ஈக்கள்

நம் பொருளுக்கு மிக நெருங்கிய ஆய்வு, சித்திகியும் பென்சரும் 1976இல் வெளியிட்டதாகும். சில ஈக்கள் சாதாரண அறை வெப்பத்தில் மற்ற ஈக்களைப் போலவே நடக்கும், பறக்கும், இணை சேரும். வெப்பத்தை உயர்த்தினாலோ, பிற ஈக்கள் நடமாடிக் கொண்டிருக்கும்போதே இவை மட்டும் செயலற்று விழுந்துவிடும். குளிர்வித்தால் மீண்டும் எழும். 'பாரலிட்டிக்' என்று பெயரிடப்பட்ட இத்தகைய ஒரு வகையை 1971இல் கனடாவில் டேவிட் சுசுகியின் குழுவினர் கண்டிருந்தனர். சித்திகியும் பென்சரும் 'கோமடோஸ்' என்னும் மற்றொரு வகையையும் சேர்த்து ஆராய்ந்தனர். முந்தையது குளிர்ந்த உடனே எழுந்துவிடும். பிந்தையது நீண்ட மயக்கத்திலிருந்து தெளிவதுபோல் தாமதித்தே எழும்.

வெப்பம் ஏன் இப்படிச் செய்கிறது? புரதம் என்பது அமினோ அமிலச் சரம் மட்டும் அன்று. அச்சரம் மடிந்து பெறும் வடிவமே அதன் தொழிலைத் தீர்மானிக்கிறது. மரபணுவில் ஓர் எழுத்து மாறினால், மடிப்பில் ஓரிடம் தளர்ந்துவிடலாம். குளிரில் அத்தளர்ச்சி வெளிப்படுவதில்லை. சூட்டில் வடிவம் குலைந்து வேலை நிற்கிறது. இன்றியமையாத மரபணு ஒன்றை முற்றிலும் அழித்தால் ஈ பிறக்கும் முன்பே இறந்துவிடும். ஆராய ஒன்றும் இராது. சூட்டில் மட்டும் பழுதாகும் மரபணுவோ, விரும்பும்போது நிறுத்தவும் இயக்கவும் கூடிய விசை போன்றது. மாணவர்கள் இந்நுட்பத்தைச் சற்று நின்று கவனித்தல் நலம். உயிரியல் ஆய்வில் இதன் பயன் அளவிறந்தது.

ஈயின் பறக்கும் தசைகளில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, நரம்பின் செய்தி எவ்விடத்தில் தடைபடுகிறது என்று அவர்கள் தேடினர். பழுது தசையில் இல்லை, நரம்பில் உள்ளது என்பது தெளிவாயிற்று. அப்பழுது எந்தப் புரதத்தில் என்பதை அறிய மேலும் காலம் ஆயிற்று. 1989இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேரி கனெட்ஸ்கியின் குழுவினர் 'பாரலிட்டிக்' மரபணுவைப் பிரித்தெடுத்து அதன் எழுத்துகளைப் படித்தனர். நரம்பணுவின் மேலுறையில், சோடியம் அயனிகளை உள்ளே விடும் வாயிலாக அமைந்த புரதத்திற்கான கட்டளை அது. வாயில் நொடியின் மிகச் சிறு பகுதிக்குத் திறந்து மூடும்போதுதான் நரம்பில் செய்தி பாய்கிறது. மனிதனிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் உண்டு. அவற்றுள் ஒன்று பழுதானால், குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது கடும் வலிப்பு ஏற்படும் டிராவே நோய் தோன்றுகிறது என்பது 2001இல் தெரியவந்தது. 'கோமடோஸ்' மரபணுவோ, நரம்பு முனையில் செய்தியைச் சுமக்கும் நுண்பைகளின் இயக்கத்திற்கு வேண்டிய ஒரு புரதத்தைச் செய்வது எனப் பின்னர்ப் புலனாயிற்று.

அதே 1976

இனி கொசுவிற்கு வருவோம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடி மக்கள் மலேரியாவால் பீடிக்கப்பட்டு, எட்டு லட்சம் பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1965இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. நம் திட்டங்கள் அடைந்த பெரும் வெற்றிகளுள் அது ஒன்று. பின்னர் நோய் மீண்டும் தலைதூக்கி 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. பம்பாயிலும் கலிபோர்னியாவிலும் ஈக்கள் சூட்டில் விழுவதை ஆராய்ந்தவர்களின் கட்டுரை வெளியான அதே ஆண்டு! இரண்டிற்கும் தொடர்பு உண்டென்று அன்று எவரும் கருதியிருக்க மாட்டார்கள்.

நோய் திரும்பியதற்குக் காரணம் ஒன்றன்று. மருந்துத் தட்டுப்பாடு, கண்காணிப்பில் நேர்ந்த தளர்ச்சி, நகரங்களில் பெருகிய தேங்குநீர் ஆகியவை உண்டு. கொசுக்கள் மருந்தைத் தாங்கும் திறன் பெற்றதும் அவற்றுள் ஒன்று. பழியை முழுவதும் கொசுவின்மேல் சுமத்துவது நிர்வாகத்திற்கு வசதியாக இருக்கலாம், உண்மையாகாது.

தாங்கும் திறன் எவ்வாறு பரவுகிறது? கணக்கிற்காக 10,000 கொசுக்களில் 10 மட்டும் மருந்தைத் தாங்குபவை எனக் கொள்வோம். மருந்து பிறவற்றில் பத்தில் ஒன்பதைக் கொல்கிறது. எஞ்சுபவை 999 சாதாரணக் கொசுக்களும் 10 தாங்குபவையும். இவை பெருகி மீண்டும் 10,000 ஆனால், தாங்குபவை ஏறத்தாழ 99. அடுத்த தெளிப்பிற்குப் பின் பெருகும்போது ஏறத்தாழ 909. மூன்றாம் தெளிப்பிற்குப் பின் எஞ்சுபவற்றில் சரிபாதி தாங்குபவை. நடைமுறையில் இது இத்துணை விரைவன்று. பல தாங்கும் பண்புகள் தாய், தந்தை இரு வழியாகவும் மாறிய மரபணு வந்தால்தான் முழுமையாக வெளிப்படும். ஆயினும் போக்கு இதுவே. முதல் இரு ஆண்டுகளின் அறிக்கைகளில் 'நிலைமை திருப்திகரம்' என்றே எழுதப்பட்டிருக்கும்.

இரண்டு மருந்து, ஒரே பூட்டு

டி.டி.டி. கொசுவின் நரம்பிலுள்ள சோடியம் வாயிலை மூடவிடாமல் பிடித்துக் கொள்கிறது. செய்தி ஓயாது பாய்ந்து, பூச்சி துடித்து விழுகிறது. பிற்காலத்தில் வந்த பைரித்திராய்டு மருந்துகளும், அதாவது இன்று கொசுவலைகளில் தோய்க்கப்படுபவையும் வீட்டில் நாம் பயன்படுத்தும் பல கொசுவிரட்டிகளில் இருப்பவையும், பிடித்துக்கொள்வது அதே வாயிலைத்தான். 1950களின் தொடக்கத்திலேயே டி.டி.டி.க்கு விழாத வீட்டு ஈக்கள் காணப்பட்டன. ஏன் என்பது மட்டும் தெரியவில்லை. பழ ஈயின் வாயில் மரபணு 1989இல் படிக்கப்பட்ட பின்னர், பிற பூச்சிகளிலும் அதற்கு இணையான மரபணுவைத் தேடிப் படிப்பது எளிதாயிற்று. 1990களின் நடுவில் விடை கிடைத்தது. அப்புரதத்தின் 1014ஆம் இடத்தில் லூசின் இருக்க வேண்டிய இடத்தில் ஃபினைல்அலனைன் அமைந்திருந்தது. மரபணுவில் மாறியது ஒரே ஓர் எழுத்து. பூட்டின் உட்பல் சற்றே மாற, மருந்து என்னும் சாவி அதில் பொருந்தவில்லை. ஆப்பிரிக்க மலேரியாக் கொசுவிலும் அதே மாற்றம் 1998இல் கண்டறியப்பட்டது. நம் நாட்டுக் கிராமப்புறங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் கொசுவில், ஒடிசாவிலிருந்து எடுத்த மாதிரிகளில் இம்மாற்றம் இருப்பதை இந்திய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டனர்.

கொள்முதல் கோப்பில் டி.டி.டி.யும் பைரித்திராய்டும் வெவ்வேறு வரிகளில், வெவ்வேறு விலைகளில் இடம்பெறும். ஒன்று பயனற்றால் மற்றொன்றுக்கு மாறுவது நியாயமாகவே தோன்றும். கொசுவின் மரபணுவைப் பொறுத்தவரை இம்மாற்றத்தால் பெரும் பயன் இல்லாமற் போகலாம். பல ஆண்டுகள் டி.டி.டி. தெளித்ததில் பெருகிய மாறிய மரபணு, புது மருந்து வருமுன்னரே அதற்கு எதிராக ஆயத்தமாக நின்றிருக்கும். மருந்தை மாற்றுவது என்றால் வேறு பூட்டைத் தாக்கும் மருந்திற்கு மாற வேண்டும். இதனை விலைப்பட்டியல் சொல்லாது.

செலவு-பயன் ஆய்வில் பயிற்சி பெற்றவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. 1976ஆம் ஆண்டின் ஈ ஆய்வுக்கு 2010இல் 100 ரூபாய்ப் பயன் கிடைத்ததாகக் கொண்டு, ஆண்டுக்கு 10 விழுக்காடு கழிவு விகிதத்தில் கணக்கிட்டால், 1976இல் அதன் மதிப்பு 4 ரூபாய்க்கும் குறைவே. அத்துடன், பயன் கொசுவில் கிடைக்கும் என்று அன்று மனுவில் எழுதியிருக்கவும் எவராலும் முடியாது. நம் சூத்திரத்தின்படி அம்மனு தள்ளுபடி ஆகியிருக்கும். இத்தகைய ஆய்வுகளைத் திட்டவாரியாக மதிப்பிடுவதைவிட, ஆளையும் நிறுவனத்தையும் மதிப்பிட்டு நீண்டகால மானியம் வழங்குவதே ஏற்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இதற்கு நிதித்துறை நண்பர்கள் உடன்பட வேண்டிய கட்டாயம் இல்லை.

மக்களுக்குச் சொல்லாமல் மரபியலைக் களத்திற்குக் கொண்டு செல்வதிலுள்ள இடரையும் நாம் அனுபவித்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் 1970களின் முற்பகுதியில் தில்லியில் நடத்திய கொசு மரபியல் கட்டுப்பாட்டுப் பிரிவு, மலட்டு ஆண் கொசுக்களை வெளியிட்டு இனப்பெருக்கத்தைத் தடுக்க முயன்றது. அமெரிக்க நிதியுதவி பற்றியும் உண்மை நோக்கம் பற்றியும் பத்திரிகைகளில் ஐயங்கள் எழுந்தன. பாராளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் கடுமையாகக் குறை கூறியது. 1975இல் சோனேபத் நகரில் கொசுக்களை விடவிருந்த நிலையில் பணி நிறுத்தப்பட்டது. அறிவியல் பிழையால் நின்றதன்று அது. இன்று மரபணுவில் விரும்பிய எழுத்தை மாற்றும் கிரிஸ்பர் முறை கைவந்துள்ள நிலையில், கொசுக்களைப் பற்றிய இத்தகைய யோசனைகள் மீண்டும் எழுந்துள்ளன. சோனேபத் கோப்பை மறுமுறை படிக்க வேண்டியவர்கள் பலர்.

மாவட்ட அளவில் உடனடியாக ஆகக்கூடிய பணி எளியது. பிடித்த கொசுவின் ஒரு காலே போதும், அதிலுள்ள டி.என்.ஏ.வைப் பெருக்கி, அந்த ஓர் எழுத்து மாறியுள்ளதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிடலாம். தாங்குபவை நூற்றுக்கு ஒன்றாக இருக்கும்போதே எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் கொசுவிற்கு வேறு வழியும் உண்டு: மருந்தை உடைத்துச் சிதைக்கும் நொதிகளை மிகுதியாகச் சுரந்தும் அது தப்பிக்கும், அப்போது வாயில் மரபணுவில் எம்மாற்றமும் தெரியாது. ஆகவே, மருந்து தோய்ந்த தாள் சுற்றிய குழாயில் உயிருள்ள கொசுக்களை ஒரு மணி நேரம் வைத்து, 24 மணி நேரம் கழித்து இறந்தவற்றை எண்ணும் பழைய சோதனையையும் உடன் நடத்தியே ஆக வேண்டும்.